மடங்காத காலும் தறிக்குழியும்

என் வீட்டுக்காரருக்கு வலது முழங்காலில் வலி வந்தபோது அதை யாரும் ஒரு வலியாகவே மதிக்கவில்லை. எங்கள் பிள்ளையார்பாளையத்தில் முழங்கால் வலிக்காத நெசவாளி இருந்தால்தான் அதிசயம். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிபலகையை மாற்றி மாற்றி மிதிக்கிறவனுக்குக் கால் வலிக்காமல் காதா வலிக்கும் என்று என் மாமனார் கேட்டார். நானும் சிரித்தேன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை. அந்த வீட்டில் யார் எது சொன்னாலும் சிரித்து வைப்பேன். பின்னால் அந்தப் பழக்கம் என்னைவிட்டுப் போய்விட்டது.

மிதி வலி என்றுதான் அதற்கு எங்கள் தெருவில் பெயர். நல்லெண்ணெயைக் காய்ச்சித் தடவுவார்கள், நொச்சி இலையை வதக்கிக் கட்டுவார்கள். வலி குறைந்தாலும் குறையாவிட்டாலும் மறுநாள் குழியில் இறங்குவார்கள். இவரும் அப்படித்தான் மாசக்கணக்கில் இறங்கினார். வலியோடு வீக்கமும் வந்தது. முழங்காலுக்குச் சற்று மேலே, உள்பக்கமாக, கல் மாதிரி கெட்டியாக. ஊருக்குள் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற ஒரு பெரியவர் இருந்தார். அவர் தொட்டுப் பார்த்தார், கையை எடுத்துக்கொண்டார். "இது என் கட்டுக்கு அடங்கற சமாச்சாரம் இல்லப்பா. பட்டணத்துக்கு இட்டுக்கினு போங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன். வேறு யாராவது இருந்தால் இன்னும் பத்துக் கட்டுப் போட்டிருப்பார்கள்.

இது எழுபதுகளின் தொடக்கத்தில். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். ஊசியால் கொஞ்சம் சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். எலும்பில் புற்று என்று சொன்னார்கள். எங்கள் தெருவில் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், 'அந்த வியாதி' என்பார்கள். டாக்டர் பளிச்சென்று சொல்லிவிட்டார். என் மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அழுகைகூட வரவில்லை. இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ, வேறு யாருக்கோ சொல்கிறார்கள் என்பதுபோல் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

மெதுவாக வளர்கிற வகையாம், இன்னும் வேறு இடத்துக்குப் போகவில்லையாம். அதனால் உயிருக்கு வழி இருந்தது. தொடைக்கு நடுவில் காலை எடுத்துவிடலாம் என்றார் பெரிய டாக்டர். அவருக்குக் கீழே ஒரு சின்ன டாக்டர் இருந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. அவர் தயங்கித் தயங்கி, காலை எடுக்காமலே ஒரு வழி இருக்கிறது என்றார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, இவர் காலிலேயே விரலால் கோடு போட்டுக் காட்டினார்.

"இங்கேருந்து இதுவரைக்கும் கெட்டுப்போன எலும்பு. மூட்டோட சேர்த்து எடுத்துடுவோம். கீழ்க்கால் எலும்பை நெடுக்கப் பாதியாப் பிளந்து, அதை மேலே தூக்கி இந்த இடைவெளியில வெச்சு, உள்ளே நீளமா ஒரு கம்பி செருகிடுவோம். எலும்பு ஒட்டிக்கிச்சுன்னா உங்க கால் உங்ககிட்டயே இருக்கும். ஆனா முழங்கால்னு ஒண்ணு இருக்காது. ஆயுசுக்கும் மடங்காது."

"உறுதியா ஒட்டிக்குமாங்க?" என்று மாமனார் கேட்டார்.

"உறுதின்னு சொல்ல மாட்டேன். சீழ் வைக்கலாம். கட்டி திரும்பவும் வரலாம். அப்படி வந்தா அப்புறம் எடுக்கத்தான் வேணும்."

பொய் சொல்லாத டாக்டர். அதனாலேயே அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. பெரிய டாக்டர் இவரைப் பார்த்து, "என்னப்பா தொழில்?" என்று கேட்டார்.

"பட்டு நெசவுங்க."

"நின்னு செய்யற வேலையா, உட்கார்ந்து செய்யற வேலையா?"

"உக்காந்துதானுங்க."

"நாள் பூரா உக்காந்துக்கினுதான் இருப்பான்" என்று மாமனாரும் சேர்ந்து சொன்னார். நானும் தலையை ஆட்டினேன்.

டாக்டர்கள் இருவர் முகமும் தெளிந்தது. உட்கார்ந்து செய்கிற வேலைதானே, கால் நீட்டியபடி இருந்தால் என்ன என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். அவர்கள் மனதில் ஒரு நாற்காலி இருந்திருக்கும், ஒரு மேஜை இருந்திருக்கும். எங்கள் மூன்று பேருக்குமோ, உட்காருவது என்றால் தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு காலையும் மடக்கிக் குழிக்குள் விடுவதுதான். பிறந்ததிலிருந்து பார்த்த உட்காரல் அது ஒன்றுதான். அதில் முழங்காலுக்கு வேலை இருக்கிறது என்று யாருக்கும் உறைக்கவே இல்லை. சோறு தின்ன வாய் வேண்டும் என்று யாராவது தனியாக நினைத்துப் பார்ப்பார்களா?

முடிவு சொல்ல வேண்டிய நேரம் வந்தது. இவர் தன் அப்பாவைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். "காலை வையுங்க, டாக்டர்" என்று நான் சொன்னேன். புகுந்த வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது அப்படி முந்திக்கொண்டு பேசியது அதுதான் முதல் தடவை. ஏன் சொன்னேன் என்றால், இவர் நடக்கிற நடை எனக்கு ரொம்பப் பிடிக்கும். தெருவே தன் பாட்டன் எழுதி வைத்தது மாதிரி நடப்பார். பெண் பார்க்க எங்கள் ஊர் மாகறலுக்கு வந்தபோதே, கதவிடுக்கு வழியாக நான் பார்த்தது அந்த நடையைத்தான். அதை வெட்டி எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது தப்பு என்று இன்றுவரை நான் நினைத்ததில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இடுப்பிலிருந்து கால்விரல் வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் சில மாசம், வீட்டில் சில மாசம். கட்டுக்குள்ளே அரிக்கும், சொறிய முடியாது, என்மேல் எரிந்து விழுவார். நானும் திருப்பி எரிந்து விழுவேன். கட்டைப் பிரித்துப் படம் எடுத்துப் பார்த்தபோது எலும்பு ஒட்டியிருந்தது. கட்டி வந்த சுவடு இல்லை. சின்ன டாக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, வார்டில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. விழுந்தும்விட்டேன். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு ஓடினார்.

ஊன்றுகோலோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது தெருவே கூடிவிட்டது. இரும்புக் கம்பி உள்ளே இருக்கிறதாமே என்று ஆளுக்கு ஒரு தட்டு, தட்டிப் பார்த்தார்கள். இன்னும் கொஞ்சம் விட்டால் காசு மாதிரி சுண்டிக் காதில் வைத்துக் கேட்டிருப்பார்கள். கச்சபேஸ்வரர் கோயிலில் தேங்காய் உடைத்தோம். இவர் தறியில் பாதி நெய்த சேலை அப்படியே துணி போட்டு மூடிக் கிடந்தது. அவன் வந்து அவன் கையால் முடிக்கட்டும் என்று மாமனார் அதைத் தொடவே இல்லை. மாமனார் தறி அதே கூடத்தின் எதிர்ப்புறம். தன் சேலையை மட்டும் நெய்துகொண்டிருந்தார்.

நல்ல நாள் பார்த்து இவர் தறிக்குப் போனார். துணியை எடுத்தார். குழி விளிம்பில் என் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இடது கால் மடங்கிக் குழிக்குள் போனது. வலது கால் போகவில்லை. குழிக்கு மேலே, நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலுக்கு அடியில், தரைக்குச் சமமாக நேராக நீட்டிக்கொண்டு நின்றது. இழைகளைத் தூக்கி இறக்குகிற விழுதுகளிலிருந்து மிதிபலகைக்கு இறங்கும் கயிறுகளில் குதிகால் மாட்டியது. கயிற்றை விலக்கினார், விரல் மாட்டியது. சாய்ந்து பார்த்தார், பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார், தொடையைக் கையால் அழுத்தி வளைத்தும் பார்த்தார். வளைய அங்கே என்ன இருக்கிறது? எதிர்த் தறியில் சத்தம் நின்றுபோனது.  மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில்தான் புரிந்தது, டாக்டரிடம் நாங்கள் என்ன சொல்லிவிட்டு வந்தோம் என்று.

 அடுத்த நாளிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதையே விட்டுவிட்டார். அந்தப் பாதிச் சேலையை மாமனாரே உட்கார்ந்து முடித்தார். இவர் வாசற்படிக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு தார் சுற்றினார். ஊடை நூலைக் குச்சியில் சுற்றுவது பெண்களும் பிள்ளைகளும் செய்கிற வேலை. போகிற வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் பாவம் என்று சொன்னால் இவருக்குக் கோபம் வரும், பேசாமல் போனால் அதைவிட அதிகமாக வரும்.

பக்கத்துத் தெருவில் ஒருவர் இருந்தார், லாரியில் அடிபட்டுக் கால் போனவர். மிச்சத் தொடையைக் குழி விளிம்பில் வைத்துக்கொண்டு, ஒரே காலால் மிதித்து நெய்கிறார் என்று யாரோ சொல்லப் போக, இவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் தார்க்குச்சிகளைத் தூக்கி எறிந்தார்.

"அந்தாளு ஒத்தைக் காலை வெச்சிக்கினு நெய்யறான். எனக்கு ரெண்டு காலு இருக்குது, நெய்ய முடியல. எடுக்க வந்தவனைத் தடுத்து வெச்சியே, இந்தக் காலை நீயே வெச்சிக்கோ."

எனக்கும் ரத்தம் சூடேறியது. "வெச்சிக்கறேன். எங்க வெக்கறதுன்னு சொல்லுங்க. பரண் மேலயா, அலமாரியிலயா?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. கொல்லைக்குப் போய் ஒரு பாடு அழுதேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் பொறுக்க முடியவில்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள், தறியில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான் தனக்கு யார்மேலும் கோபம் வருவதில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்த இடத்தை அவரிடமிருந்து பறித்துக்கொண்டு, அதற்குப் பதிலாகத் தெருவில் நடக்க ஒரு கால் கொடுத்திருக்கிறேன். இப்படியே போனால் இந்த மனுஷன் நடந்து நடந்தே எங்காவது போய்விடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஆவணி மாசம். ஒரு நாள் சாயங்காலம் நான் கொல்லைக் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். இவர் கை கழுவ வந்தவர், கிணற்றுச் சுவரில் சாய்ந்துகொண்டார். அந்தச் சுவர் எங்கள் வீட்டில் கொஞ்சம் உயரம். உட்கார்ந்தார் என்றும் சொல்ல முடியாது, நின்றார் என்றும் சொல்ல முடியாது. இடுப்பைச் சுவர்மேல் வைத்து, மடங்காத காலை நேராகத் தரையில் ஊன்றியிருந்தார். இடது கால் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. வேலை இல்லாத அந்தக் கால், பழக்கத்தில், கீழே இருந்த குடத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. தட்டி, விட்டு, தட்டி, விட்டு.

நான் கயிற்றை விட்டுவிட்டேன். வாளி கிணற்றுக்குள் விழுந்தது.

"அப்பிடியே இருங்க. அசையாதீங்க."

"இன்னாத்துக்கு?"

"அசையாதீங்கன்னா அசையாதீங்க."

முந்தானையைப் பிடித்து அவர் இடுப்பிலிருந்து தரைவரை அளந்து, அந்த இடத்தில் முடிச்சுப் போட்டேன். ஓடிப்போய் அதைத் தறிக்குழிக்குள் விட்டுப் பார்த்தேன். குழி ஒரு முழத்துக்குக் கிட்டக் குறைந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். கால் மடங்காது என்றால் குழி ஆழமாகட்டுமே. உட்கார வேண்டாம், இறங்கி நிற்கட்டும். விளிம்பைச் சரிவாக வெட்டி ஒரு பலகை போட்டால், கிணற்றுச் சுவரில் சாய்ந்த மாதிரியே சாய்ந்துகொள்ளலாம்.

மாமனாரிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"இன்னாம்மா பேசறே? இந்த ஆழத்துக்கே ஐப்பசியில ஊத்து வந்து குழி ரொம்பிடுது. இன்னும் ஒரு முழம் தோண்டினா மொத மழைக்கே கிணறு ஆயிடும்."

"ஆச்சுன்னா நான் இறைச்சு ஊத்தறேன் மாமா."

"தறிக்குழியைப் பொம்பளை தோண்டி நான் பார்த்ததில்ல."

"இப்பப் பாருங்க."

எங்கள் அப்பாவுக்கு மாகறலில் தறியும் உண்டு, கொஞ்சம் நிலமும் உண்டு. கடப்பாரை எனக்குப் புதிதல்ல. தறியில் அப்போது பாவு இல்லை, அதனால் மிதிபலகைகளைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினேன். இவர் என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். தறியையே தூர்க்கப் போகிறேன் என்று நினைத்தாராம், பின்னால் சொன்னார். நான் வாயைத் திறந்து விளக்கியிருக்கலாம். கேட்காதவரிடம் நான் ஏன் சொல்ல வேண்டும் என்று எனக்கும் வீம்பு.

கொஞ்ச நேரம் மாமனார் தன் தறியில் நெய்தபடியே என்னைப் பார்க்காததுபோல் இருந்தார். பிறகு எழுந்து வந்தார்.

"கோணலாத் தோண்டறே. தள்ளு."

கடப்பாரையை வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் நான் மண்ணை அள்ளிக் கொல்லையில் கொட்டியதோடு சரி. அடித்தரையைக் களிமண் போட்டு மெழுகினார். விளிம்பைச் சரித்து, பழைய கதவுப் பலகை ஒன்றை இழைத்துப் பதித்தார். இரண்டு மிதிபலகையையும் இடது பக்கமாக நகர்த்தி, குழித்தரையிலிருந்து உயர்த்திக் கட்டினார். ஒரே கால் இரண்டையும் மாற்றி மாற்றி மிதிக்க வேண்டுமே. கயிற்றை எவ்வளவு நீளம் விடுவது என்று தானே இறங்கி, வலது காலை விறைத்துக்கொண்டு நொண்டி நொண்டி மிதித்துப் பார்த்தார். வயதான மனுஷர், மகனுடைய கால் தனக்கு வந்துவிட்ட மாதிரி குழிக்குள் நின்றார். பின்னால் அவர் சொன்னபடியே ஐப்பசியில் தண்ணீர் வந்தது. நான் சொன்னபடியே இறைத்து ஊற்றினேன்.

பாவு ஏற்றி, கற்பூரம் காட்டி, இவரைக் கூப்பிட்டோம். இவர் வந்து குழியை எட்டிப் பார்த்தார். பலகையைத் தொட்டுப் பார்த்தார். மிதிபலகைகள் இருந்த இடத்தைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இரண்டு கையையும் விளிம்பில் ஊன்றி, மடங்காத காலை முதலில் விட்டு, மெதுவாக இறங்கினார். அது போய்த் தரையில் நின்றது. இடுப்பு பலகையில் சாய்ந்தது. இடது கால் தேடிப் பார்த்து மிதிபலகையைக் கண்டுபிடித்தது. மாமனார் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். மருமகள் கையைப் பிடித்திருக்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

ஊடை நூலோடு முதல் நாடா போய்த் திரும்பியது. கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும், உடலையும் கரையையும் சேர்த்து நெய்ய. கரை நாடாவைத் தள்ள நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இரண்டு காலும் மிதித்தால் தறிச் சத்தம் ஒரே சீராக வரும். இவருடையது அப்படி வரவில்லை. ஒரு அடி, கொஞ்சம் தாமதம், இன்னொரு அடி. தறியும் அவரோடு சேர்ந்து நொண்டியது. நாலு வீடு தள்ளியிருந்தவர்களுக்குக்கூட யார் நெய்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது, வாசலில் வந்து நின்றார்கள். இவர் யாரையும் பார்க்கவில்லை. வியர்த்து ஒழுகியது. இழை ஒன்று அறுந்தது, முடிச்சுப் போட்டார். நான் நாடாவைத் தாமதமாகத் தள்ளியதற்கு, "தூங்கறியா?" என்று திட்டினார். ஆறு மாசமாக அவர் என்னோடு பேசாத பேச்சையெல்லாம் அந்த ஒரு திட்டு ஈடுகட்டியது.

ஒரு சாண் போல நெய்தாகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதால் சோறு ஆறுகிறது, ஏறி வாருங்கள் என்று கூப்பிட்டேன். இவர் நாடாவை வைத்துவிட்டு, விளிம்பில் கையை ஊன்றி எம்பினார், சரிவுப் பலகை வழுக்கியது. முடியவில்லை. இன்னொரு தடவை எம்பினார். குழியிலிருந்து ஏறுவதற்கு ஒரு காலை மடக்கி மேலே வைக்க வேண்டும். இடது காலை வைத்தால், மடங்காத கால் பின்னால் குழிச்சுவரில் முட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. திரும்பவும் தொப்பென்று உள்ளேயே விழுந்தார். நானும் மாமனாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இறங்க வழி பண்ணினோமே தவிர, ஏற வழி வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

இவருக்குக் கோபம் வரும், நாடா என் தலைமேல் வந்து விழும் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் இடுப்பளவு குழிக்குள் நின்றுகொண்டு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறி, கையை நீட்டினேன்.

"வாங்க, நானும் மாமாவும் தூக்கி விடறோம்."

"வேணாம்" என்றார். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "ஏறறதுக்கு இப்ப இன்னா அவசரம்? சோத்தை இங்கயே எடுத்துக்கினு வா."

தட்டில் போட்டு எடுத்து வந்து விளிம்பில் வைத்தேன். குழியில் நின்றபடியே சாப்பிட்டார். கையைக் கழுவிக்கொண்டு, இருட்டிக் கண் தெரியாமல் போகும்வரை நெய்தார். அதுவரை மேலே தூக்கிவிடச் சொல்லி அவரும் கேட்கவில்லை, தூக்கிவிடட்டுமா என்று நாங்களும் கேட்கவில்லை.